ஸ்பானிஷில் கம்ப்யூட்டருக்கு மூன்று சொல் இருக்கிறது, எதை எடுப்பது?

நீலக்குடை

வணக்கம். குறிப்பு எழுதி வைக்கும் ஒரு இலவசச் செயலியை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குக் கொண்டுவரும் வேலையைத் தன்னார்வமாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஸ்பானிஷ் படித்தேன், கதை வாசிப்பேன், செய்தி கேட்பேன். அந்தத் தைரியத்தில் கை தூக்கிவிட்டேன். மொத்தம் முந்நூறு சொச்சம் வரிகள். நீளமான வாக்கியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒற்றைச் சொல்லாக நிற்பவைதான் என்னைப் படுத்துகின்றன.

முதல் இடறல் கம்ப்யூட்டர். அகராதியைத் திறந்தால் ஓர்தெனதோர், கொம்புத்தாதோரா, கொம்புத்தாதோர் என்று மூன்று. ஃபைலுக்கு ஆர்ச்சீபோ, ஃபிச்சேரோ. மௌஸுக்கு ரத்தோன், இல்லையென்றால் மௌஸ் என்றே விடலாமாம். டீஃபால்ட் (நாம் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்பு) என்ற சொல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம். செயலியின் பொறுப்பாளர்களோ 'ஒரே ஒரு ஸ்பானிஷ் போதும்' என்கிறார்கள். எதை எடுப்பது? சண்டை போடாமல் சொல்லுங்கள்.

மரங்கொத்தி

சண்டை இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததே இல்லை. பன்னிரண்டு வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன்.

ஓர்தெனதோர் ஸ்பெயினின் சொல். பிரெஞ்சிலிருந்து வந்தது. 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, புது இயந்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ழாக் பெரே என்ற பேராசிரியரைக் கேட்டது. அவர் சொன்னது ஓர்தினாத்தர். 'ஒழுங்குபடுத்துபவர்' என்று பொருள். ஸ்பெயின் பக்கத்து வீட்டைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டது. லத்தீன் அமெரிக்கா அமெரிக்காவைப் பார்த்தது, அதனால் அங்கே கொம்புத்தாதோரா. சிலியிலும் கொலம்பியாவிலும் அதுவே ஆண்பாலாகி கொம்புத்தாதோர். இயந்திரம் ஒன்றுதான். அது எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்பதைப் பெயர் சொல்லிவிடும்.

உங்கள் முடிவுக்கு ஒரு கணக்கு: ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 50 கோடி. ஸ்பெயினின் மொத்த மக்கள்தொகை 5 கோடியைத் தொடவில்லை. ஒரே ஒரு ஸ்பானிஷ்தான் என்றால் கொம்புத்தாதோராவை எடுங்கள். மாட்ரிட்டில் இருப்பவருக்கும் அது புரியும். 'வெளியூர்ச் சொல்' என்று கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்ச்

நிரல் எழுதுபவன் பக்கத்திலிருந்து ஒன்று. மொழிக்கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஸ்பானிஷைக் குறிக்கும் வெறும் 'இஎஸ்' என்று விடாதீர்கள். 'இஎஸ்-419' என்று ஒரு குறியீடு இருக்கிறது. 419 என்பது லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதிக்கு ஐ.நா. புள்ளிவிவரத் துறை வைத்த எண். நாளைக்கு ஸ்பெயின்காரர் ஒருவர் வந்து தனியாக மொழிபெயர்க்கிறேன் என்றால், அவருக்கு 'இஎஸ்-இஎஸ்' காலியாக இருக்கும்.

மௌஸ், சாஃப்ட்வேர், ஹார்டுவேர் இதையெல்லாம் அப்படியே விட்டால் என்ன? எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

சொற்குவியல்

'எல்லாருக்கும் தெரிந்த சொல்' என்ற வாதத்தைத் தமிழில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஸ்பானிஷிலும் வந்துவிட்டதா. ரத்தோன் என்றால் எலி. ஆங்கிலத்தில் எலி, ஸ்பானிஷிலும் எலி. இதைவிடச் சுலபமான மொழிபெயர்ப்பு உலகத்தில் உண்டா? இதையும் விட்டுவிட்டால் எதைத்தான் மொழிபெயர்ப்பீர்கள்?

மரங்கொத்தி

கோபப்படாதீர்கள். ரத்தோன் ஸ்பெயினில் சர்வசாதாரணம். லத்தீன் அமெரிக்காவில் பலர் மௌஸ் என்கிறார்கள், ஸ்பானிஷ் அகாதமியின் அகராதியிலேயே அமெரிக்க வழக்கு என்ற குறிப்போடு அது இருக்கிறது. ஆனால் திரையில் ரத்தோன் என்று எழுதினால் எங்கேயும் யாரும் திணற மாட்டார்கள். இந்த ஒன்றில் சொற்குவியல் பக்கம்தான் நான்.

சாஃப்ட்வேர் வேறு கதை. 'நிரல்கள்' என்ற பொருளில் ப்ரோகிராமாஸ் என்று பல இடங்களில் எழுதலாம், ஆனாலும் சாஃப்ட்வேர் ஸ்பானிஷில் குடியேறிப் பல காலம் ஆகிறது. அதைக் கிளப்ப முடியாது.

நீலக்குடை

நன்றி. அப்படியானால் ஃபைலுக்கு ஆர்ச்சீபோ, ஃபோல்டருக்கு கர்ப்பேத்தா. சேவ் பொத்தானுக்கு சல்வார் என்று போட்டிருக்கிறேன், சரிதானே?

தும்பி

சல்வாரை உடனே கழற்றிவிடுங்கள் 😄

சல்வார் என்றால் காப்பாற்றுவது. நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றுவது போல. கோப்பைச் சேமிக்க குவார்தார். அதாவது எடுத்து வைப்பது, பத்திரப்படுத்துவது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்வதால் வரும் வினை இது. நான் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் இருக்கும் சகாக்களோடு தினமும் பேசுகிறேன். அவர்கள் சிரித்து சிரித்துச் சொல்லித் தந்த பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ப்ளே என்பதைப் பாட்டுக்கு ஹுகார் என்று போட்டால் 'விளையாடு' ஆகிவிடும், பாட்டுக்கு ரெப்ரொதுசீர். பேக் என்பதற்கு எஸ்பால்தா என்று போட்டால் முதுகு. பின்னால் போக அத்ராஸ். ஹோம் என்பதை காசா என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், இனீசியோ போதும்.

கடைசி பெஞ்ச்

ஃப்ரீ?

தும்பி

அதில் ஸ்பானிஷ் ஆங்கிலத்தை விடத் தெளிவு. காசு வேண்டாம் என்றால் கிராத்தீஸ். கட்டு இல்லை, தடை இல்லை என்றால் லிப்ரே. அதனால்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போதும் ஸ்பானிஷ், பிரெஞ்சின் லிப்ரேயைக் கடன் வாங்குகிறார்கள். வட்டில் காலியிடம் என்றாலும் லிப்ரேதான். செயலி இலவசம் என்று சொல்ல வந்த இடத்தில் லிப்ரே போட்டுவிட்டால் பொருள் மாறிவிடும். நீலக்குடையின் செயலி இரண்டுமாக இருக்கலாம், ஆனால் எந்த வரி எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய விசைப்பலகை

இழையை நேற்றிரவே படித்தேன், இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். சொல்லை மட்டும் பேசுகிறீர்கள், எழுத்தையும் பாருங்கள்.

ஸ்பானிஷில் ஞ ஒலிக்கு, 'என்' (N) எழுத்தின் தலையில் ஒரு நெளிகோடு போட்ட தனி எழுத்து உண்டு. பாஸ்வேர்டு என்பதற்கான கொந்த்ராசேஞாவிலேயே அது வருகிறது. அந்த எழுத்து இல்லாத விசைப்பலகையை ஸ்பெயினில் விற்கக் கூடாது என்று விதி இருந்தது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம், இது தடையற்ற வணிகத்துக்கு இடைஞ்சல் என்று ஆட்சேபித்தது. அங்கே பெரிய கொந்தளிப்பே நடந்தது. 1993-இல் ஸ்பெயின் அரசு, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் பண்பாட்டு விதிவிலக்கைக் காட்டி அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரு விசைக்காக நடந்த சண்டை! இன்றைக்கு ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் சின்னமே அந்த எழுத்துதான்.

நெளிகோட்டைச் சோம்பலில் விட்டுவிட்டால் வரும் ஆபத்து ஊரறிந்தது. ஆஞோ என்றால் வருடம். நெளிகோடு இல்லாமல் ஆனோ என்றால் உடம்பின் பின்பக்கத்தில் சொல்லக் கூடாத இடம். உங்கள் செயலியில் நாட்காட்டி இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

அகரவரிசைக்கும் ஒரு வார்த்தை. சிஎச் என்பதையும் இரட்டை எல் என்பதையும் முன்பு தனி எழுத்தாக எண்ணித் தனியாக வரிசைப்படுத்தினார்கள். 1994-இல் அகாதமிகள் கூடி அந்த வழக்கத்தைக் கைவிட்டன. பழைய நிரல்களில் 'மரபு வரிசை' என்று ஒரு தெரிவு இன்னும் கிடக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

நீலக்குடை

நாட்காட்டி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நெளிகோடு இல்லை. யாரும் பார்ப்பதற்கு முன் திருத்திவிட்டேன். கும்பிடுகிறேன்.

சொற்குவியல்

பழைய விசைப்பலகை ஐயா, அந்த 'அட்' (@) குறிக்கு ஸ்பானிஷில் என்ன சொல்கிறார்கள்? அழகான பெயர் என்று கேள்விப்பட்டேன்.

பழைய விசைப்பலகை

அர்ரோபா. அது ஒரு பழைய எடை அளவு. அரபியில் கால் பங்கு என்ற சொல்லிலிருந்து வந்தது, குயிண்டால் என்ற பெரிய எடையில் நாலில் ஒன்று. ஸ்பெயினின் காஸ்தீயாவில் 25 ராத்தல், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 11.5 கிலோ. வணிகர்கள் அந்த எடையைக் குறிக்க இந்தச் சுழியைத்தான் போட்டார்கள். மின்னஞ்சல் வந்தபோது புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை, கிடங்கில் கிடந்ததையே எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

ஹேஷ் (#) குறி ஸ்பெயினில் அல்மோஆதியா, சின்னத் தலையணை. மெக்சிகோவில் காத்தோ, பூனை.

தும்பி

தொலைபேசியில் 'பூனையை அழுத்துங்கள்' என்று ஒரு பதிவுக் குரல் சொன்னபோது நான் ஐந்து நொடி அமைதியாக நின்றேன். உண்மை.

சொற்குவியல்

இதைத்தான் நான் சொல்கிறேன். தன் வீட்டுப் பொருளை எடுத்துப் புதுவேலைக்கு வைப்பது. கணினிக்குள் ஆபத்து நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் என்பதற்கு கோர்த்தாஃபுவேகோஸ் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது கட்டடத்துக்குள் இருக்கும் சுவர். ஸ்பானிஷ்காரர்கள் சுவரை மொழிபெயர்க்கவில்லை. காட்டுத்தீ பரவாமல் இருக்க மரங்களை வெட்டி வெற்று நிலமாக ஒரு பட்டை விடுவார்களே, அந்தப் பட்டைக்கு ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்தார்கள். நெருப்பு தாண்டக் கூடாது என்பதுதானே விஷயம்.

மரங்கொத்தி

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, டீஃபால்ட்டை எடுங்கள். பலர் போர் தெஃபெக்தோ என்கிறார்கள். இதுவும் பிரெஞ்சு வழியாக வந்ததுதான், இலக்கணப்படி தப்பில்லை, அகாதமியும் ஏற்கிறது. ஆனால் தெஃபெக்தோ என்றால் சாதாரண மனிதருக்குக் குறை, பழுது. 'பழுதினால் அமைந்த எழுத்துரு' என்று வாசித்துவிட்டு ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பிரெதெதெர்மினாதோ, 'முன்பே தீர்மானித்தது'. பெரிய நிறுவனங்களின் திரைகளில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். குறை ஒன்றே ஒன்று, சொல் ரயில் மாதிரி நீளம்.

கடைசி பெஞ்ச்

அது ஒன்றே ஒன்று இல்லை, அதுதான் முதல் பிரச்சினை. ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல்லுக்கு இடம் விட்டு வடிவமைப்பாளர் பொத்தான் வரைந்திருப்பார். ஸ்பானிஷ் வந்தால் பொத்தானுக்கு வெளியே தொங்கும். செட்டிங்ஸ் எட்டெழுத்து, கொன்ஃபிகுராசியோன் பதின்மூன்று. நான் அஹூஸ்தெஸ் போடச் சொல்வேன், அது ஏழு.

மரங்கொத்தி

அஹூஸ்தெஸ் ஸ்பெயின் வாடை அடிக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனை ஸ்பெயின் ஸ்பானிஷில் வைத்தால் அஹூஸ்தெஸ், லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷில் வைத்தால் கொன்ஃபிகுராசியோன். ஐபோனிலும் இதே பிரிவினைதான். ஆனாலும் புரியாத சொல் இல்லை. இடம் இல்லையென்றால் போடுங்கள், யாரும் அடிக்க வர மாட்டார்கள்.

நீலக்குடை

டிரைவர் (அச்சுப்பொறி போன்ற கருவியை இயக்கும் நிரல்), லைப்ரரி (நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இரண்டும் மிச்சம். லைப்ரரிக்கு லிப்ரெரியா என்று பல நிரலாளர்களே எழுதுகிறார்களே?

மரங்கொத்தி

எழுதுகிறார்கள், தப்பாக. லிப்ரெரியா புத்தகக் கடை. நூலகம் பிப்லியோத்தேகா. நிரல் நூலகத்துக்கும் அதுதான். ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து ஏமாறும் சொற்களில் இது தலைவன். கர்ப்பேத்தா கூட அப்படித்தான், கார்பெட் என்று நினைத்தவர்கள் உண்டு. கம்பளம் அல்ஃபோம்ப்ரா. அப்புறம் சப்போர்ட். 'இந்தச் செயலி இந்த வடிவத்தை சப்போர்ட் செய்யும்' என்பதை சோப்போர்தார் என்று எழுதுகிறார்கள். அதன் நாட்டுப்புறப் பொருள் சகித்துக்கொள்வது. செயலி பல்லைக் கடித்துக்கொண்டு உங்கள் கோப்பைத் தாங்கிக்கொள்கிறது என்று ஆகிவிடும். 'ஒத்துப்போகிறது' என்ற பொருளில் கொம்பாத்தீப்லே என்று வாக்கியத்தை மாற்றுங்கள்.

டிரைவருக்கு கொந்த்ரோலாதோர். கொந்துக்தோர் என்று போட்டால் அச்சுப்பொறிக்கு வண்டியோட்டி தேட வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சில்லு தயாரிப்பாளருக்காக விளம்பரக் கையேடு பார்த்துக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். அவசர வேலை, முன்னால் ஒருவர் செய்ததைச் சரிபார்த்தால் போதும் என்றார்கள். இரண்டு இடத்தில் எனக்கு வியர்த்தது. ஒன்று, பில்லியன் டிரான்சிஸ்டர் என்பதை பியோன் என்று எழுதியிருந்தார். ஸ்பானிஷில் பியோன் என்றால் லட்சம் கோடி, ஆங்கிலப் பில்லியனைப் போல ஆயிரம் மடங்கு. மில் மியோனெஸ் என்று எழுத வேண்டும். இன்னொன்று, சிலிக்கானை சிலிகோனா ஆக்கியிருந்தார். சில்லு செய்யும் தனிமம் சிலிசியோ. சிலிகோனா என்பது குளியலறை விளிம்பில் பூசும் பசை, அறுவை மருத்துவர்கள் மார்பில் வைக்கும் பொருள். முதலாவதை நான் பிடித்தேன். இரண்டாவது ஒரு படத்தின் அடிக்குறிப்பில் தப்பி அச்சுக்குப் போய்விட்டது. இன்றும் அந்தக் கையேடு கண்ணில் பட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

தும்பி

வண்டிக் கையேட்டில் இதைவிட மோசம். யாந்தா என்றால் ஸ்பெயினில் சக்கரத்தின் உலோக விளிம்பு. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அதுவே டயர். 'யாந்தாவில் காற்றழுத்தம் பார்க்கவும்' என்று மெக்சிகோவுக்கு எழுதியதை அப்படியே மாட்ரிட்டுக்கு அனுப்பினால் விளிம்பில் எங்கே காற்று என்று கேட்பார்கள். ஸ்பெயினுக்கு நெயுமாத்திகோ. திருப்புளி ஸ்பெயினில் தெஸ்தோர்னியாதோர், மெக்சிகோவில் தெசர்மாதோர். கிரீஃபோ என்றால் ஸ்பெயினில் குழாய், பெருவில் பெட்ரோல் பங்க்.

திரையில் தப்பு வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்துச் சீட்டில் வந்தால் முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளில் கணினி மொழிபெயர்த்த ஸ்பானிஷ் சீட்டுகளைப் பற்றி 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் சொன்ன ஆபத்து இதுதான். ஒருமுறை என்பதற்கான ஆங்கிலச் சொல் வன்ஸ் (once). அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டால், அதே எழுத்துகளை ஸ்பானிஷ்காரர் ஓன்சே என்று வாசிப்பார். ஓன்சே என்றால் பதினொன்று.

சொற்குவியல்

நாளைக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை பதினொரு முறை. 'எல்லாருக்கும் தெரிந்த சொல்லை அப்படியே விடலாம்' என்பவர்கள் கவனிக்க.

கடைசி பெஞ்ச்

சரி, சரி. வாங்கிக்கொண்டேன்.

பதிலுக்கு ஒரு விஷயம் தருகிறேன், இது என் துறை. 'நியூ' என்ற சொல்லையும் 'ஃபைல்', 'ஃபோல்டர்' என்பவற்றையும் தனித்தனி வரியாக வைத்து நிரல் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஒட்டலாம். ஸ்பானிஷில் ஆர்ச்சீபோ ஆண்பால், ஆகவே நுவேபோ. கர்ப்பேத்தா பெண்பால், ஆகவே நுவேபா. ஒட்டினால் ஒன்று கட்டாயம் தப்பும். முழு வரியாகத் தரச் சொல்லி நிரலாளரிடம் கேளுங்கள். முறைப்பார், கேளுங்கள். 'ஓப்பன்' என்ற வரியும் அப்படித்தான். திற என்ற கட்டளையா, திறந்திருக்கிறது என்ற நிலையா? முதலாவது அப்ரீர், இரண்டாவது அபியெர்த்தோ. வரிக்குப் பக்கத்தில் விளக்கம் இல்லையென்றால் செயலியை ஓட்டிப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

நீலக்குடை

ஒட்டுகிறது. நான்கு இடத்தில். கேட்டுவிட்டேன், முறைத்தார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். வாசிப்பவரை நீ என்பதா, நீங்கள் என்பதா? பாடப்புத்தகத்தில் தூ, உஸ்தெத் என்று இரண்டு. தும்பி சொன்ன அர்ஜென்டினாவில் போஸ் என்று மூன்றாவது.

மரங்கொத்தி

பொத்தானில் இந்தச் சிக்கலிலிருந்து நழுவ ஒரு வழி இருக்கிறது. கட்டளையாக எழுதாதீர்கள், வினையின் அடிப்படை வடிவத்தை எழுதுங்கள். குவார்தார், அப்ரீர், எலிமினார். 'சேமித்தல்' என்பது போல. யாரையும் நீ என்றும் சொல்லவில்லை, நீங்கள் என்றும் சொல்லவில்லை. வாக்கியமாக வரும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டுச் செயலிக்கு தூ போதும், வங்கிச் செயலி என்றால் உஸ்தெத் என்பேன்.

வெல்கம் என்பதற்கு பியென்பெனீதோ என்று போட்டால் ஆணை மட்டும் வரவேற்கிறீர்கள். 'உனக்கு வரவேற்பு தருகிறோம்' என்று பொருள்படும் தே தாமோஸ் லா பியென்பெனீதா பாலைத் தொடாமல் தப்பிக்கும். நீளம்தான், முதல் திரையில் இடம் இருக்கும்.

பழைய விசைப்பலகை

கேள்விக்குறியை மறக்காதீர்கள். ஸ்பானிஷில் வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழாக ஒன்று வேண்டும். 1754-லிருந்து அகாதமியின் விதி. மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும் பெட்டியில் அது இல்லாவிட்டால், இது மொழிபெயர்த்த செயலி என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவதும் வேண்டாம், முதல் சொல்லுக்கு மட்டும்.

நீலக்குடை

பத்து நாள் கழித்து வருகிறேன். செயலி வெளியாகிவிட்டது. கொம்புத்தாதோரா, ஆர்ச்சீபோ, ரத்தோன், பிரெதெதெர்மினாதோ போட்டேன். செட்டிங்ஸுக்குக் கடைசியில் அஹூஸ்தெஸ்தான், பொத்தான் அவ்வளவுதான் இடம் தந்தது. லிங்க் என்பதற்கு என்லாசே.

இதுவரை வந்த குறைகள் இரண்டு. ஸ்பெயினிலிருந்து ஒருவர், ஓர்தெனதோர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறார். அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் உதவிப் பக்கத்தில் தூ என்று கூப்பிடுவது டப்பிங் படம் பார்ப்பது போல இருக்கிறது என்கிறார்.

கடைசி பெஞ்ச்

இருவருக்கும் காலி மொழிக்கோப்பு அனுப்பிவிடுங்கள். ஸ்பெயின்காரருக்கு 'இஎஸ்-இஎஸ்', அர்ஜென்டினாக்காரருக்கு 'இஎஸ்-ஏஆர்'.

நீலக்குடை

அனுப்பினேன். ஸ்பெயின்காரர் மறுநாளே நாற்பது வரி முடித்துவிட்டார். டீஃபால்ட்டுக்கு போர் தெஃபெக்தோ போட்டிருக்கிறார்.

மரங்கொத்தி

ஐயோ. அவரை இந்த இழைக்கு அழைத்து வாருங்கள்.